ஊர்ப் பெட்டி

அந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்காதீங்க தம்பி. இருக்கட்டும். வயர் வர்ற எடத்துல மட்டும் பிளேடு வச்சு லேசா கீறி விட்டுக்கங்க, போதும். கோயம்புத்தூர்லருந்து அம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க, மொதல்ல டீயக் குடிங்க. பேப்பர் கப்புதான். இப்பல்லாம் நம்ம வீட்டுக்கு யாரு வந்தாலும் பேப்பர் கப்புதான். குடிச்சமா, கசக்கிப் போட்டமான்னு போயிரலாம். யாரு என்னன்னு பாக்க வேண்டியதில்ல, யாருக்கும் மனவருத்தமும் இல்ல. நல்ல வசதி.

சுவிட்சப் போட்டாச்சுல்ல? குளிர் முழுசா ஏறுற வரைக்கும் நீங்க இங்கதான இருக்கணும். கம்பெனியில கேட்டிருப்பாங்களே, இந்தாளுகிட்டதான் ஏற்கெனவே ரெண்டு பெட்டி ஓடுதே, மூணாவது எதுக்குன்னு. சொல்றேன். உக்காருங்க.

சாத்தூருக்கு இந்தப் பக்கம் பொணத்துக்கு ஐஸ் பெட்டின்னு மொதமொதல்ல வாடகைக்கு விட்டது நாந்தான். அதுக்கு முன்னால சாமியானாவும் சேரும் குண்டாவும் விட்டுக்கிட்டிருந்தேன். பெட்டி வாங்கும்போதே ரெண்டாத்தான் வாங்குனேன். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே லாரியில வந்து எறங்குனது. ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு காலனிக்கு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நான் சாதி பாக்குறவன் இல்ல தம்பி. கஸ்டமர் பாக்குறான், நான் என்ன செய்ய? பெத்த தாய அதுல கெடத்திட்டு, கண்ணுல தண்ணி வழிய வழிய என் காதுல வந்து கேக்குறான், "அண்ணே, இது அங்கிட்டுப் போயி வந்த பெட்டி இல்லையே?"ன்னு. கேத வீட்டுல நின்னுக்கிட்டு நான் சூடம் அணைச்சா சத்தியம் பண்ண முடியும்? அதான் தனித்தனியா வாங்கிட்டேன். ஓட்டல்ல சைவத்துக்கு ஒரு சட்டி, அசைவத்துக்கு ஒரு சட்டின்னு வைக்கிறதில்லையா, அந்த மாதிரிதான். சொல்லப்போனா, காலனிக்குன்னு புத்தம் புதுசா ஒரு பெட்டி வாங்கி விட்டவன் இந்தத் தாலுகாவுலயே நான் ஒருத்தன்தான். அதுக்கு அவிங்க எனக்கு ஒரு துண்டுகூடப் போத்தல. அது வேற விசயம்.

நம்ம வண்டிய ஓட்டுனவன் இருளப்பன். அவனும் காலனிதான். ரொம்ப வருசம் எங்கிட்ட இருந்தான். குட்டியானையில எனக்குப் பக்கத்து சீட்டுல, தோளோட தோள் இடிக்க உக்காந்துதான் வருவான். நான் ஒருநாள் ஒரு வார்த்த சொன்னதில்ல. என்ன, டிரைவர் வேற எங்க உக்காருவாருங்கறீங்களா? அதுவும் சரிதான்.

இப்ப விசயத்துக்கு வாரேன். போன வருசம் கத்திரி வெயில்ல எங்கப்பா தவறிட்டாரு. கெடையில கெடக்கல, நோவு நொடி இல்ல. விடிஞ்சு எந்திரிச்சு, வாசல்ல பல்லு வெளக்கிட்டு, சேர்ல உக்காந்தவரு அப்படியே போயிட்டாரு. கல்யாணச் சாவு. மொகத்தப் பாத்தா தூங்குற மாதிரியே இருந்துச்சு. அந்த மொகத்தத்தான் பாதுகாக்க வேண்டியிருந்துச்சு. ஏன்னா எனக்கு ஒரே தங்கச்சி, தெய்வான, பம்பாய்ல கட்டிக் குடுத்திருக்கு. அப்பான்னா அதுக்கு உசுரு. போன்ல சொன்னதும் ஒரே வார்த்ததான் சொல்லுச்சு: "அண்ணே, நான் வந்து அப்பா மொகத்தப் பாக்காம எடுத்துராத." மறுநாள் மத்தியானந்தான் வந்து சேர முடியும். சரிம்மா, நீ வா, அண்ணன் பாத்துக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

ஐஸ் பெட்டிக்காரன் வீட்டுல ஐஸ் பெட்டிக்கா பஞ்சம்னுதான நெனப்பீங்க? ஊர்ப் பெட்டி வெளிய போயிருச்சு தம்பி. பக்கத்து ஊர்ல நம்மாளுக வீட்டுல ஒரு கெழவி எறந்து, மகன் துபாய்லருந்து வரணும்னு வச்சிருந்தாங்க. வீட்டுல இருந்தது காலனிப் பெட்டி மட்டுந்தான்.

இருளப்பன் வந்து நின்னான். "அண்ணே, பெட்டிய நல்லாக் கழுவி, பினாயில் போட்டுத் தொடச்சு வச்சிருக்கேன். கொண்டாந்துரவா?"ன்னு கேட்டான். அவன் கேட்டது தப்பில்ல. அவன் கேட்ட எடந்தான் தப்பு. நடுவீட்டுல, சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் முன்னால கேட்டுட்டான். கோவிந்தராசு அத்தான் அங்கதான் உக்காந்திருந்தாரு. எங்கம்மா வழிச் சொந்தம், ஊருக்குள்ள பெரிய கை, அவரு இல்லாம ஒரு நல்லது கெட்டது நடக்காது. அவரு தொண்டையக் கனைச்சாரு. கனைச்சுட்டு என்னைய ஒரு பார்வ பாத்தாரு. "அது வேணாம்டா, நீ போ"ன்னு இருளப்பன அனுப்பிட்டேன்.

என் பொண்டாட்டி சீதாவுக்கு எப்பவுமே எடம் பொருள் தெரியாது. "ஏன் வேணாம்? ரெண்டும் ஒரே பெட்டிதான? மாமா ரெண்டையும் ஒரே துணியாலதான தொடச்சாரு?"ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேட்டா. எனக்கு மானம் போச்சு. அத்தான் காலத் தரையிலருந்து தூக்கி சேர் மேல வச்சுக்கிட்டாரு. அப்பா அப்படித் தொடைக்கிறவருதான். வயசானவரு, அவருக்கு எது எதுன்னு தெரியல. அதையா சபையில சொல்லுவாங்க?

நீங்களே சொல்லுங்க. அந்தப் பெட்டியில யாரு யாரு கெடந்திருப்பாங்க? நெனச்சாலே எனக்குக் கொமட்டுது. ஊர்ப் பெட்டியிலயும் பொணந்தான் கெடக்குது, இல்லேங்கல. ஆனா அது நம்ம பொணம்.

சாத்தூர்ல ஒருத்தன் பெட்டி விடுறான். அவனுக்கு ஒத்தப் பெட்டி. அது போகாத தெரு இல்ல. தொழில் தெரியாதவன்னா பேசாம எடுத்திருப்பான். எனக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில வைக்கலாம்னு ஒருத்தன் சொன்னான். அங்க மட்டும் என்ன, தெருவாரியாவா ரூம் கட்டி வச்சிருக்காங்க?

கடைசியில நானே வண்டிய எடுத்துக்கிட்டுப் பக்கத்து ஊருக்குப் போனேன், ஊர்ப் பெட்டியத் திருப்பிக் கேக்க. நம்மாளுகதான, ஒரு நெலமன்னா புரிஞ்சுக்குவாங்கன்னு போனேன். கெழவியோட மூத்த மகன் வாசல்லயே மறிச்சான். "ஒங்ககிட்ட இன்னொரு பெட்டி இருக்குமே?"ன்னான். "இருக்கு, ஆனா அது..."ன்னு இழுத்தேன். "ஒங்கப்பனுக்கு ஆகாதது எங்காத்தாளுக்கு மட்டும் ஆகுமா?"ன்னான். நியாயம் அவம்பக்கம் இருக்கு. கண்ணாடிக்கு அடியில அந்தக் கெழவி ஜம்முன்னு படுத்திருந்தா. பூகூட வாடல. என் பெட்டி, என் கரண்ட்டு வயரு, நான் வெளிய நின்னு பாத்துட்டு வந்தேன்.

ஐஸ் கம்பெனியில பாளம் பாளமா வாங்கியாந்தோம். அப்பாவக் கெடத்தியிருந்த பெஞ்சுக்கு அடியில மரத்தூளக் கொட்டி, உப்பப் போட்டு, சுத்தி அடுக்குனோம். கத்திரி வெயில்ல ஐஸ் எம்புட்டு நேரம் நிக்கும்? வீடு பூரா தண்ணி. பொழுது சாயுறதுக்குள்ள வயிறு ஊதிருச்சு.

அந்த வாட இருக்கு பாருங்க தம்பி. நான் பாக்காத பொணமா? கெணத்துல மிதந்தத எடுத்து வச்சிருக்கோம், ரயில்ல அடிபட்டதக் கூட்டி அள்ளி வச்சிருக்கோம். ஒருநாள் மூக்கச் சுளிச்சதில்ல. ஆனா இது எங்கப்பன். என்னையத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச மனுசன். அவரு பக்கத்துல போனா எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வந்துச்சு. பெரிய பெரிய பச்ச ஈ. மூக்குல வச்ச பஞ்சு நனைஞ்சு நனைஞ்சு விழுது, மாத்தி மாத்தி வைக்கிறா சீதா. வேற எந்தப் பொம்பளையும் கிட்ட வரல. ஒப்பாரி வைக்க வந்தவளுக எல்லாம் வேப்பமரத்தடிக்குப் போயிட்டாளுக. அங்க உக்காந்து அழுகச் சொன்னா, யாரு செத்ததுக்கு அழுவுறாளுகன்னே தெரியல. ஆம்பளைக துண்டால மூக்கப் பொத்திக்கிட்டு, டீ மட்டும் தவறாமக் குடிச்சாய்ங்க. கோவிந்தராசு அத்தானுக்குத் திடீர்னு பிரசர் மாத்திரை ஞாபகம் வந்துருச்சு, வீட்டுக்குப் போயிட்டாரு.

மறுநாள் மத்தியானம் தெய்வான வந்துச்சு. அதுக்குள்ள நான் அப்பாவத் தலையோட காலோட கோடித்துணியால சுத்தி, மூணு எடத்துல கட்டிட்டேன். மொகத்தக் காட்டுற நெலமையில இல்ல. அது காருலருந்து எறங்கும்போதே முந்தானையால வாயப் பொத்திருச்சு. துக்கத்துலன்னு நெனச்சேன். உள்ள வந்து, "அண்ணே, மொகத்தத் தெற"ன்னுச்சு. வேணாம்மான்னேன். தெறன்னுச்சு. தெறந்தேன்.

அத விடுங்க.

கொல்லைப்பக்கம் ஓடிப்போயி வாந்தி எடுத்துச்சு. குழாயடிக்குப் பக்கத்துலதான் நம்ம ஷெட்டு. மொகத்தக் கழுவுன புள்ள, உள்ள ஏதோ மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதேன்னு கதவத் தள்ளிப் பாத்திருக்கு. உள்ள காலனிப் பெட்டி ஓடிக்கிட்டிருக்கு. மொத நாள் காலையில நான் வேணாம்னு அனுப்புனேன் பாருங்க, அந்த இருளப்பன், நேராப் போயி பிளக்கச் சொருகி சுவிட்சப் போட்டு வச்சிருக்கான். அன்னைக்கிலருந்து அது காலியா ஓடிக்கிட்டே இருக்கு. உள்ள ஒரு வெள்ள வேட்டி விரிச்சு, தலமாட்டுல ஊதுவத்தி வேற பொருத்தி வச்சிருக்கான். தெய்வான மூடியத் தூக்கி உள்ள கைய விட்டுப் பாத்திருக்கு. வெறச்சுப் போச்சாம் கை.

திரும்பி வந்து கேட்டுச்சு, "அண்ணே, அங்க ஒரு பெட்டி சும்மா ஓடுதே, அது யாருக்கு?"ன்னு. சொன்னேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, அது காலனிப் பெட்டிம்மான்னு சொன்னேன். அது என் காலுக்கு முன்னால தூன்னு துப்பிட்டுப் போயிருச்சு. வாந்தி எடுத்த வாயில்லையா, கசந்திருக்கும்.

எனக்கு வந்த கோவத்துக்கு இருளப்பனக் கூப்ட்டு ஏசுனேன். "யாரக் கேட்டுடா சுவிட்சப் போட்ட? கரண்ட்டு பில்லு ஒங்கப்பனாடா கட்டுவான்?"ன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே, "நீங்க மனசு மாறுவீகன்னு நெனச்சேன்ணே"ன்னான். எவ்வளவு தைரியம் பாருங்க.

அப்புறம் எடுக்கணும்ல? பெஞ்சுலருந்து பாடைக்கு மாத்தணும். ஒருத்தன் கிட்ட வரல. நம்மாளுக அம்புட்டுப் பேரு நிக்கிறாய்ங்க, வாசலுக்கு அங்கிட்டு. நீ போ, நீ போன்னு ஒருத்தன ஒருத்தன் தள்ளுறான். நான் தலப்பக்கம் கை குடுத்தேன். தோலு கையோட வந்துச்சு. விட்டுட்டேன். அப்ப இருளப்பனும் அவங்கூட அவந்தெருப் பசங்க நாலு பேரும் கேக்காம கொள்ளாம உள்ள வந்தாங்க. சாமியானாத் துணிய அடியில குடுத்து, கொழந்தையத் தூக்குற மாதிரித் தூக்கிக் கொண்டாந்து பாடையில வச்சாங்க. சுடுகாடு வரைக்கும் அவங்கதான் தூக்குனாங்க. ஊரே பாத்துச்சு. நான் ஒரு வார்த்த சொன்னனா? சொல்லல. நடுவீட்டுக்குள்ளயே விட்டேன். செத்ததுக்கப்புறம் என்ன தம்பி சாதி? அதெல்லாம் பாக்குற ஆள் நான் இல்ல. பொறகு வீடு பூரா மஞ்சத்தண்ணி தெளிச்சோம். அது எல்லா வீட்டுலயும் செய்யுறதுதான்.

காரியத்துக்குக்கூட இருக்காம தெய்வான அன்னைக்கே கெளம்பிருச்சு. இருளப்பன் வண்டிச்சாவிய ஆணியில மாட்டிட்டுப் போனவன்தான், திரும்ப வரல. வேலைக்கு வாடான்னு ஆள் விட்டேன், மூணாவது மனுசன் மாதிரி பதில் சொல்லி அனுப்புறான். அடுத்து என்ன செஞ்சான்னு நெனைக்கிறீங்க? லோனப் போட்டு அவனே ஒரு பெட்டி வாங்கிட்டான். தொழில் கத்துக் குடுத்தது நானு. ஒத்தப் பெட்டி. ஊரு, காலனின்னு ஒண்ணும் கெடையாது, கூப்ட்ட வீட்டுக்கெல்லாம் கொண்டு போறான். எவன் கூப்புடுவான்னு நான் இருந்தேன்.

மொதல்ல கூப்ட்டது யாரு தெரியுமா? கோவிந்தராசு அத்தான். எங்கப்பா போயி நாலஞ்சு மாசத்துல அவரு ஆத்தா போயிருச்சு. என் ஊர்ப் பெட்டி அன்னைக்கு ரிப்பேரு. ஒரு வார்த்த சொல்லல, யோசிக்கல, நேரா இருளப்பனுக்கு போன் போட்டாரு. நான் கேதத்துக்குப் போனேன். நடுவீட்டுல அந்தப் பெட்டிய வச்சு, மாலையப் போட்டு, ஊரே சுத்தி உக்காந்து அழுவுது. எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகல தம்பி. அத்தானத் தனியாக் கூப்ட்டுக் கேட்டேன், என்ன அத்தான் இப்படின்னு. "மாப்ள, ஒங்கப்பன் கெதி எங்காத்தாளுக்கு வரணுமா?"ன்னாரு. யாரு தொண்டையக் கனைச்சதுக்காக எங்கப்பன நாறவிட்டேன்? சூடு சொரண இல்லாத ஆளுக. தனக்குன்னு வந்தா ஒரு நியாயம். நான் ஒருத்தன்தான் தம்பி இந்த ஊர்ல சொன்ன சொல்லுக்கு நின்னவன். ஆனா என்னையப் பாத்துத்தான் சிரிக்கிறாய்ங்க. சின்னப் பயலுக என் கடையத் தாண்டும்போது மூக்கப் புடிச்சுக்கிட்டுப் போறாய்ங்க.

ஊர விடுங்க. வீட்டுக்குள்ளயே சீதா எங்கூடச் சேந்து உக்காந்து சாப்பிடுறதில்ல. தட்ட வச்சுட்டு அங்கிட்டுப் போயிருவா. ஏன்டின்னு கேட்டா, "ஒங்க மேல அந்த வாட அடிக்குது"ங்கிறா. எங்கப்பா போயி வருசம் ஆகப்போகுது. நான் நாளுக்கு ரெண்டு நேரம் சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். நீங்களே சொல்லுங்க, பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க, எதாச்சும் அடிக்குதா? இல்லைல்ல? பொம்பள மனசு, பயந்துருச்சு. டாக்டர்ட்டக் காட்டணும்.

அதான் இந்தப் பெட்டி. இது வாடகைக்கு இல்ல தம்பி. இது எனக்கும் அவளுக்கும். எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா, அன்னைக்கு மாதிரி ஊர்ப் பெட்டி வெளிய போயிருந்தா என்ன செய்யிறது? இது வீட்டோட கெடக்கும். ஒருத்தரும் படுக்காத பெட்டி. கம்பெனியில எப்படிக் குடுத்தாங்களோ அப்படியே இருக்கணும், அதான் பிளாஸ்டிக்கப் பிரிக்காதீங்கன்னேன்.

ஆசையாத்தான் அவகிட்ட சொன்னேன், நமக்குன்னு புதுசா ஒண்ணுக்குப் பணம் கட்டியிருக்கேன், யாரும் தொடாததுன்னு. வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தவ நிமிந்துகூடப் பாக்கல. "எனக்கு அது வேணாம். எனக்கு ஒண்ணுன்னா இருளப்பன் பெட்டியில வைங்க"ன்னா. வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சு, என்னடி பேசுறன்னேன். "தெய்வானகிட்டயும் இருளப்பங்கிட்டயும் சொல்லிட்டேன். அவன் பெட்டியத் தவிர வேற எதுலயும் வைக்கக்கூடாது. ஒங்கள நம்பி நான் நாற மாட்டேன்"ன்னா.

அன்னைக்கிலருந்து எனக்குச் சோறு எறங்கல. இவ முந்திட்டான்னு வைங்க, இருளப்பன் பெட்டியோட வாசல்ல வந்து நிப்பான், பம்பாய்க்காரி கொடி புடிச்சுக்கிட்டு வருவா, நான் ஊரு மொகத்துல எப்படி முழிக்கிறது? அதனால வெள்ளிக்கிழமையானா மாரியம்மன் கோயிலுக்குப் போயி, ஆத்தா, நாந்தான் முந்தணும், இவ முந்திரக்கூடாதுன்னு விழுந்து கும்புட்டுட்டு வாரேன். பூசாரி காதுல விழுந்திருக்கு. பொண்டாட்டி மேல இம்புட்டுப் பாசமாய்யான்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு.

என்ன தம்பி கேட்டீங்க? நான் முந்திட்டாலா? நான் முந்திட்டா என்னைய இதுல...

ஆமா. நான் போயிட்டா என்னைய எதுல வைக்கிறதுன்னு அவதான முடிவு பண்ணணும்.

பெட்டி மேல வச்ச கையில என்ன, ஐஸ் மாதிரி இருக்கு? ஏறிருச்சா குளிர்? அவ்வளவு சீக்கிரமா ஏறிரும்? நல்ல பெட்டிதான். ஒண்ணு செய்யிறீங்களா? போறதுக்கு முன்னால ஒருதடவ உள்ள போயி, இத எப்படி ஆன் பண்றதுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. அடுப்படியிலதான் இருப்பா. நான் சொன்னா கேக்க மாட்டா.